எந்த கார் கட்டுப்படியாகும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காஞ்சிபுரத்திலிருந்து கிண்டிக்கு வாரம் ஆறு நாள் காரில் போய்வருகிறேன். தினம் 140 கி.மீ. ஓட்டம். பட்ஜெட் 10 லட்சம். பெட்ரோல், டீசல், சி.என்.ஜி. மூன்றில் எது எனக்குச் சரி? – வாசகர், காஞ்சிபுரம்

பதில்: மாதம் 25 நாள் என்றால் 3,500 கி.மீ. இந்த ஓட்டத்தில் காரின் விலைக்குச் சமமாக எரிபொருளும் பணத்தைத் தின்னும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், சி.என்.ஜி. கிலோ 90 ரூபாய் என்று உத்தேசமாக வைத்துக்கொள்வோம். டிசையர் அளவிலான பெட்ரோல் கார் உங்கள் சாலையில் ஏ.சி.யோடு லிட்டருக்கு 20 கி.மீ. கொடுத்தால் மாதம் 175 லிட்டர், அதாவது 17,500 ரூபாய். மூன்று வருடத்தில் ஆறு லட்சத்தைத் தாண்டிவிடும். அதே காரின் சி.என்.ஜி. மாடல் கிலோவுக்கு 27 கொடுத்தால் 130 கிலோ, சுமார் 11,700 ரூபாய். மாதம் 5,800 மிச்சம். சி.என்.ஜி.க்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை 90,000 என்றால் 16 மாதத்தில் கைக்குத் திரும்பிவிடும்.

ஷோரூமில் இதுவரைதான் சொல்வார்கள். சிலிண்டர் 60 லிட்டர் என்பது தண்ணீர்க் கொள்ளளவு. கேஸ் பிடிப்பது எட்டு கிலோ சொச்சம்தான், 200 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. ஆக, மாதம் 16, 17 தடவை பங்க்குக்குப் போயாக வேண்டும். அங்கே கேஸ் 200 பார் அழுத்தத்தில் ஏற வேண்டும். உங்களுக்கு முன்னால் ஆட்டோவும் டாக்ஸியுமாகப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் அழுத்தம் இறங்கி, ஐந்தாறு கிலோவோடு நின்றுவிடும். மறுநாள் மறுபடி வரிசை. அதனால் புக் செய்வதற்கு முன், நீங்கள் வீடு திரும்பும் அதே நேரத்தில், திரும்பும் பக்கத்திலேயே இருக்கும் பங்க்கை மூன்று நாள் கவனியுங்கள். எத்தனை வண்டி நிற்கிறது, மீட்டரில் எத்தனை கிலோ விழுகிறது என்று பாருங்கள். 15 நிமிடத்துக்குள் வேலை முடிகிறதென்றால் தயங்காமல் சி.என்.ஜி. வாங்கலாம். யூ டர்ன் அடித்து, அரைமணி நேரம் காத்திருக்கும் நிலை என்றால் வேண்டாம். இரண்டே மாதத்தில் அலுத்துப்போய் பெட்ரோலில் ஓட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

கம்பெனி ஃபிட்டிங்காகவே எடுங்கள். வெளியில் கிட் மாட்டினால் வாரன்டி போகும், ஆர்.சி.யிலும் இன்ஷூரன்ஸிலும் தனியாகப் பதிய வேண்டும். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தத்தில் உறுதியைச் சோதிப்பது) கட்டாயம். பெட்ரோல் டாங்க்கில் கால் பங்காவது எப்போதும் இருக்கட்டும், பல மாடல்களில் காலையில் வண்டி பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும். உங்கள் ஓட்டத்துக்கு ஒரு லட்சம் கி.மீ. வாரன்டி இரண்டரை வருடத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டீசலைப் பொறுத்தவரை, மாருதி 2020 ஏப்ரலோடு நிறுத்திய பிறகு சின்ன டீசல் கார்கள் அருகிவிட்டன. காம்பாக்ட் எஸ்.யூ.வி. பக்கம் போனால் ஆரம்ப மாடலிலேயே பட்ஜெட் முடிந்துவிடும். பங்க் வரிசை ஒத்துவராது என்றால் மட்டும் அதைப் பாருங்கள்.

கேட்காத ஒன்று: 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டாக் ஆண்டு பாஸ், ஓராண்டு அல்லது 200 பயணம், எது முந்துகிறதோ அதுவரைதான். தினம் ஒரு சாவடியைப் போக வரக் கடந்தால் நூறு நாளில் காலி. அப்படியும் அந்த அறிமுக விலைக்கு ஒரு தடவைக்கு 15 ரூபாய்தான் ஆகிறது, லாபமே.

கேள்வி: விளம்பரத்தில் 24 கி.மீ. என்றார்கள். எனக்கு 17தான் கிடைக்கிறது. வண்டியில் கோளாறா? – வாசகி, திருச்சி

பதில்: அநேகமாக இல்லை. அந்த எண் ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டி எடுப்பது. எதிர்க்காற்று, மேடு, சிக்னல் எதுவும் அங்கே கிடையாது. போதாக்குறைக்கு இப்போது விற்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனாலும் மைலேஜ் கொஞ்சம் இறங்கும்.

முதலில் சரியாக அளந்து பாருங்கள். டாஷ்போர்டு காட்டுவதை நம்ப வேண்டாம். பம்ப் தானாக 'டக்'கென்று நிற்கும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். 300 கி.மீ.யாவது ஓடியபின் அதே பங்க்கில், அதே பம்ப்பில், மறுபடி முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ஓடிய கி.மீ.யை இப்போது ஏறிய லிட்டரால் வகுங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். நெடுஞ்சாலையிலேயே 15க்குக் கீழே வந்தால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரத்தின் ரிம் மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் பிரேக்தான் காரணம்.

கேள்வி: ஓ.எம்.ஆர். நெரிசலில் தினம் 12 கி.மீ. டீசல் காரில் டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி எரிகிறது. – வாசகர், சென்னை

பதில்: புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அது. சைலன்சர் பக்கம் நன்றாகச் சூடேறினால்தான் கரி எரிந்து சாம்பலாகும். ஊர்ந்து போகிற வண்டியில் அந்தச் சூடு வராது. எரிக்க முயலும்போது இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளிக்கும். நீங்கள் பாதியில் நிறுத்தி நிறுத்தி எடுத்தால் அது ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்: ஆயில் மேல்கோட்டைத் தாண்டி, டீசல் வாடை அடித்தால் உடனே மாற்றுங்கள். வாரம் ஒருமுறை ஈ.சி.ஆரில் 60, 70 வேகத்தில், டாப் கியருக்கு ஒன்று குறைத்து, 20 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். விளக்கு மின்ன ஆரம்பித்தாலோ வண்டி இழுக்காவிட்டாலோ அப்படி ஓட்டக் கூடாது, நேராக சர்வீஸுக்குத்தான். அடுத்த கார் டீசல் வேண்டாம். நின்று நின்று போகும் சாலையில் பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்தான் கெட்டி, பிரேக்கில் வீணாகும் சக்தியை பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும்.

கேள்வி: மலை இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா? – வாசகர், உதகை

பதில்: ஆகாது. கியரில் இறங்கி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எரியும். கல்லட்டி இறக்கத்தில் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போவது தனிக் கதை. இரண்டாவது கியரில் இறங்குங்கள்.