பேச்சு வராததற்கு அவ்வாவின் தெலுங்கு காரணமில்லை

கேள்வி: ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 2 வயது 4 மாதம். 'அம்மா', 'தா' என்று பத்து வார்த்தைக்குள்தான் பேசுகிறான். நான் அவனிடம் தமிழில் பேசுவேன், மாமியார், அதாவது அவனுடைய அவ்வா, தெலுங்கில். ஒரு மொழியை நிறுத்தினால்தான் பேச்சு வரும் என்று ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். வாரம் ஐந்து நாள் கூட்டிவரவும் சொல்கிறார்கள். மாமியாரோ, "அவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான், வுடு" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தெலுங்கை நிறுத்த வேண்டாம், நாலு வயது வரை காத்திருக்கவும் வேண்டாம். காதைச் சோதித்து முடிக்கும் வரை எந்த மையத்திலும் மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள்.

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. எல்லையோரத்தில் பாதி வீடுகள் இப்படித்தான். அவ்வா வாயை மூடிக்கொண்டால் பிள்ளையிடம் பேசும் ஆள் ஒருவர் குறைவார், அவ்வளவுதான். யாருக்கு எது சரளமாக வருகிறதோ அதில் பேசட்டும். எல்.கே.ஜி.க்கு உதவுமே என்று வீட்டில் அரைகுறை இங்கிலீஷ் பேசுவதுதான் உண்மையில் நஷ்டம்.

வார்த்தைகளை எண்ணும்போதுதான் பலர் தவறுகிறார்கள். ஒரு தாளில் தமிழுக்கு ஒன்று, தெலுங்குக்கு ஒன்று என இரண்டு பத்தி போட்டு, அவன் சொல்வதை ஒரு வாரம் எழுதுங்கள். உங்களிடம் 'பூனை', அவ்வாவிடம் 'பிள்ளி' என்றால் அது இரண்டு வார்த்தை. லாரியைப் பார்த்து எப்போதும் 'டுர்ர்' என்றால் அதுவும் ஒன்று. இரண்டு வயதில் ஏறக்குறைய 50 வார்த்தையும், 'பால் தா', 'அப்பா போ' மாதிரி இரண்டைச் சேர்த்துச் சொல்வதும் இருக்க வேண்டும். இரண்டு மொழியையும் கூட்டியும் இதற்கு வெகுவாகக் குறைந்தால் பரிசோதனை தேவை. தாமதமாகத் தொடங்கித் தானாகவே பேசிவிடும் பிள்ளைகளும் உண்டு, உங்கள் கணவர் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் எந்தப் பிள்ளை அப்படிப் பேசும் என்று இந்த வயதில் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

விரல் நீட்டிக் காட்டுகிறானா, பெயர் சொன்னால் திரும்புகிறானா, பேசிய வார்த்தை எதையாவது விட்டுவிட்டானா என்றும் பாருங்கள். இதில் ஏதேனும் சந்தேகம் என்றால் ஆட்டிசத்துக்கான ஆரம்பக் கேள்வித்தாளைக் கேட்டு வாங்குங்கள். பரவலாகப் பயன்படும் 20 கேள்வித்தாள் 16 முதல் 30 மாதம் வரைக்கானது. உங்கள் மகனுக்கு அதில் இரண்டு மாதம்தான் மிச்சம்.

இனி காது. "தட்டு விழுந்தா திரும்புறானே, டி.வி. பாட்டுக்கு ஓடி வர்றானே" என்பதெல்லாம் சோதனை ஆகாது. பேச்சில் 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் பலமானவை. 'ச', 'ப', 'த' மெலிந்தவை. ஓரளவு குறைபாடு உள்ள காதில் பால், கால், வால் மூன்றும் ஏறக்குறைய ஒரே 'ஆ'வாகத்தான் விழும். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியும் இப்படி ஆகும்.

மூன்று சோதனைகள் உண்டு. செவிப்பறையின் அசைவைக் காட்டுவது இம்பிடன்ஸ், உட்காதைப் பார்ப்பது ஓ.ஏ.ஈ., நரம்பு வழியாகச் சத்தம் போகிறதா என்று பார்ப்பது பெரா. நீர் தேங்கியிருந்தால் உட்காது நன்றாக இருந்தும் ஓ.ஏ.ஈ. 'ஃபெயில்' என்று வரலாம். உட்காது சரியாக இருந்து நரம்பில் கோளாறு என்றால் 'பாஸ்' என்றும் வரும். பிறந்தபோது கடும் மஞ்சள் காமாலை வந்திருந்தாலோ, இன்குபேட்டரில் இருந்திருந்தாலோ பெராவைத் தவிர்க்காதீர்கள். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துப்போங்கள்.

பெராவுக்குப் பிள்ளை தூங்க வேண்டும். ஊரிலிருந்து வரும் பிள்ளை பஸ்ஸிலேயே தூங்கித் தீர்த்துவிட்டு, அங்கே போய்க் கண்ணை விழித்துக்கொண்டு உட்காரும். அன்றைய பயணம் வீண். காலையில் இரண்டு மணி நேரம் முன்னதாக எழுப்பி, வழியெல்லாம் பேச்சுக்கொடுத்துக்கொண்டே வாருங்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டுவார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டாது. முந்தின நாளே தலைக்குக் குளிப்பாட்டுங்கள். தூக்க மருந்து தருவதாக இருந்தால், கடைசியாக எப்போது பால் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் அரசு வழி இருக்கிறது. குழந்தைகளின் உடல்நலப் பரிசோதனைக்காக 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் நடமாடும் குழு அங்கன்வாடிக்கு வரும். அங்கிருந்து மாவட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு, அதாவது டி.ஈ.ஐ.சி.க்கு எழுதிக் கொடுப்பார்கள். கட்டணம் இல்லை. பேச்சுப் பயிற்சியாளர் எந்த நாளில் இருப்பார் என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். சென்னைப் பக்கம் போக முடிந்தால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கென இருக்கும் தேசிய நிறுவனத்தில் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்குத் தனி மையம் உண்டு. வேலூர் சி.எம்.சி.யிலும் குழந்தை வளர்ச்சிக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. எல்லை தாண்டிப் பயிற்சி எடுப்பதில் தவறே இல்லை. ஆனால் மாநில அரசின் உதவித்தொகை நீங்கள் வசிக்கும் மாநிலத்தில்தான்.

தனியார் மையம் என்றால் இரண்டு கேள்வி. பயிற்சியாளரின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் என்ன? பயிற்சி நடக்கும்போது நான் உள்ளே உட்காரலாமா? இரண்டாவதற்கு 'இல்லை' என்றால் வேறு இடம் பாருங்கள். வாரம் இரண்டு முறை முக்கால் மணி நேரம் என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். விழித்திருக்கும் மற்ற எண்பது மணி நேரமும் பிள்ளை உங்களிடம் இருக்கிறான். நீங்கள் கற்றுக்கொண்டால்தான் அது பயிற்சி.

இன்றே தொடங்க ஒன்று. உள்ளே இருப்பது தெரியும் டப்பாவில் கொஞ்சம் பொரி போட்டு, அவனால் திறக்க முடியாதபடி மூடிக் கொடுங்கள். தூக்கிக்கொண்டு உங்களிடம்தான் வருவான். அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, 'தொற' என்று ஒரே வார்த்தை. பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முதல் நாள் அந்தப் பத்து மிக நீளமாக இருக்கும், பொறுங்கள். அவன் பார்த்தாலும், கை நீட்டினாலும், 'ஓ' என்றாலும் அதுவே பதில். 'தொற' என்று மறுபடி சொல்லித் திறந்து, நாலைந்து பொரி மட்டும் கொடுத்து மூடுங்கள். ஒரு தடவைக்குப் பத்துச் சுற்று கிடைக்கும். சொன்னால்தான் தருவேன் என்று பிடித்துவைத்தால் அழுகைதான் வரும். அவ்வா இதையே தெலுங்கில் 'தீயி' என்று செய்யட்டும். 'இது என்ன, சொல்லு, சொல்லு' என்ற விசாரணை வேண்டாம். நிறம், மிருகப் பெயரைவிட 'தூக்கு', 'வேணாம்', 'இன்னும்' போன்றவைதான் பிள்ளைக்கு உடனே உதவும்.

போனைக் குறையுங்கள். இந்த வயதுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைய இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். பாட்டு போனிலிருந்து வரும், ஆனால் பத்து எண்ணிப் பதிலுக்குக் காத்திருக்க போனுக்குத் தெரியாது.

நாக்கில் வசம்பு உரசுவதை விட்டுவிடுங்கள், வாந்திதான் வரும். நாக்கின் அடியில் ஒட்டியிருக்கிறது, வெட்டினால் பேசுவான் என்று யாராவது சொன்னாலும் அவசரப்படாதீர்கள். அது சில எழுத்துகளின் உச்சரிப்பைக் கெடுக்கலாம், வார்த்தையே வராமல் செய்யாது.

டாக்டர் அறையில் பெரும்பாலும் அழுகைதான் நடக்கும். அதனால் வீட்டில் அவன் விளையாடுவது, சாப்பிடுவது, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்போது நடப்பது மூன்றையும் இரண்டிரண்டு நிமிட வீடியோவாக எடுத்து, அந்த வார்த்தைத் தாளுடன் கொண்டுபோங்கள்.