ரீகால் கடிதம் வந்தாச்சு, பார்ட்ஸ் வரலை!

வாகனப் பகுதி: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் ஓட்டும் வாசகர்கள் தகாட்டா ஏர்பேக் பற்றி அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. தகாட்டா என்பது ஜப்பானிய ஏர்பேக் கம்பெனி. அதன் ஏர்பேக்குகள் விபத்தில் வெடித்துச் சிதறும் ஆபத்து இருப்பதால், இலவசமாக மாற்றித் தர வண்டிகளைத் திரும்ப அழைக்கிறார்கள். அதுதான் ரீகால்.

கேள்வி: என் 2007 மாடல் பிக்கப்புக்கு ஏர்பேக் ரீகால் என்று கடிதம் வந்தது. டீலரிடம் கேட்டால், "பார்ட்ஸ் வரலை, வந்ததும் கூப்பிடுறோம்" என்கிறார்கள். மாதக்கணக்கில் இதே பதில்தான். தினமும் வேலைக்கு அதில்தான் போகிறேன். ஓட்டலாமா, கூடாதா? (டெக்சாஸ் வாசகர்)

பதில்: முதலில் உங்கள் வண்டிக்கு வெறும் ரீகாலா, அல்லது "ஓட்டவே வேண்டாம்" என்ற எச்சரிக்கையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. கடிதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது அச்சான பிறகு நிலைமை மாறியிருக்கலாம். டிரைவர் பக்கம் விண்ட்ஷீல்டுக்குக் கீழே டாஷ்போர்டில் 17 இலக்க வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) இருக்கும். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலும் அதே எண் உண்டு. மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் இணையதளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள், அல்லது 888-327-4236 என்ற எண்ணில் கேளுங்கள். வின் நம்பரில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. அப்படித் தெரிந்தால் அது ஒன்றோ பூஜ்யமோதான்.

"ஓட்ட வேண்டாம்" என்று இருந்தால் பேச்சே இல்லை, சாவியை மாட்டி வையுங்கள். டீலர்ஷிப் வரைக்கும்கூட ஓட்டிப் போகக் கூடாது. இதைச் சும்மா சொல்லவில்லை. 2015 டிசம்பரில் தென் கரோலினாவிலும் 2017 ஜூலையில் மேற்கு வர்ஜீனியாவிலும் 2006 மாடல் ஃபோர்டு ரேஞ்சர் ஓட்டிய இருவர் இன்ஃப்ளேட்டர் (ஏர்பேக்கை ஊத வைக்கும் வாயுக் குப்பி) வெடித்து இறந்தார்கள். அந்த இரண்டு இன்ஃப்ளேட்டர்களும் ஒரே நாளில் தயாரானவை. 2018 ஜனவரியில் சுமார் 2,900 ரேஞ்சர்களுக்கு "ஓட்ட வேண்டாம்" என்று சொன்ன ஃபோர்டு, அடுத்த மாதமே அதைச் சுமார் 33,000 வண்டிகளுக்கு விரித்தது. 2003 மாடல் டாட்ஜ் ராமுக்கும் இதே வகை எச்சரிக்கை வந்திருக்கிறது.

எச்சரிக்கை இல்லாத சாதாரண ரீகால் என்றால், எந்தப் பக்க ஏர்பேக் என்று பாருங்கள். பயணி பக்கம் மட்டும் என்றால், பழுது பார்த்து முடியும் வரை அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். டிரைவர் பக்கம் என்றால் அப்படி ஒதுங்க வழியில்லை. வேறு வண்டி கிடைத்தால் அதை எடுங்கள். சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்வது நல்ல பழக்கம்தான். ஸ்டீயரிங் நடுவிலிருந்து மார்புக்குப் பத்து அங்குலம் இடைவெளி வேண்டும் என்பது எல்லா ஏர்பேக்குக்கும் பொருந்தும். ஆனால் உலோகச் சில்லு பறந்து வந்தால் அந்த இடைவெளி காப்பாற்றாது.

இனி டீலர் விஷயம். "கூப்பிடுறோம்" என்பதை நம்பிக் காத்திருப்பதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். உங்கள் வின் நம்பருக்கு பார்ட்ஸ் ஆர்டர் போட்டாயிற்றா என்று சர்வீஸ் அட்வைசரிடம் நேராகக் கேட்டு, ஆர்டர் தேதியை எழுதி வாங்குங்கள். பல நேரம் ஆர்டரே போயிருக்காது. அதே கம்பெனியின் எந்த டீலரும் இந்த வேலையைச் செய்து தரலாம், வண்டியை அங்கே வாங்கியிருக்க வேண்டியதில்லை. அதனால் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இரண்டு மூன்று டீலர்களைக் கேளுங்கள். பெரிய ஊர் டீலரிடம் கையிருப்பே இருக்கலாம். அங்கும் இல்லையென்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிந்து, கேஸ் நம்பர் வாங்குங்கள். அப்போதே லோனர் கார் (தற்காலிக மாற்று வண்டி) உண்டா, உங்கள் வண்டியை இலவசமாக டோ செய்து (கட்டி இழுத்து) எடுத்துப் போவார்களா, வீட்டுக்கே வந்து மாற்றித் தருவார்களா என்று மூன்றையும் கேளுங்கள். தகாட்டா ரீகாலில் ஃபோர்டு போன்ற கம்பெனிகள் இந்த வசதிகளைத் தருகின்றன. நீங்களாகக் கேட்காவிட்டால் அட்வைசர் வாய் திறக்காமல் இருப்பதும் நடக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. பழுது பார்க்க வண்டியை டீலரிடம் ஒப்படைத்து 60 நாளுக்குள் சரியாகச் செய்து தராவிட்டால், நியாயமான காலத்தில் செய்யவில்லை என்பதற்கு அதுவே முதல்நிலைச் சான்று. அப்புறம் மாற்று வண்டி, அல்லது தேய்மானம் கழித்த விலை என்று கேட்க இடமுண்டு. இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். போனில் கேட்டது கணக்கில் வராது, வண்டி அங்கே போயிருக்க வேண்டும். கடிதத்தில் பழுதுபார்ப்பு தொடங்கும் தேதி போட்டிருந்தால் அதற்குப் பிறகு போயிருக்க வேண்டும். பழைய பிக்கப்பில் தேய்மானம் போனால் மிஞ்சும் தொகை சொற்பம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். பணத்துக்காக அல்ல, கம்பெனியை அசைக்கத்தான் இந்தச் சட்டம் உதவும். கேஸ் நம்பரையும் ஒப்படைத்த தேதியையும் குறிப்பிட்டு என்.எச்.டி.எஸ்.ஏ.வுக்கும் ஒரு புகார் அனுப்புங்கள்.

கேள்வி: டாஷ்போர்டில் ஏர்பேக் லைட் எரியவே இல்லை. அப்படியிருக்க என் வண்டி ஏர்பேக்கில் பழுது என்று எப்படிச் சொல்கிறார்கள்? (ஃபுளோரிடா வாசகி)

பதில்: அந்த லைட் இந்தப் பழுதைக் காட்டாது. ஏர்பேக் மாட்யூல் (ஏர்பேக்கைக் கண்காணிக்கும் மின்னணுப் பெட்டி) சோதிப்பது மின்சுற்றைத்தான்: இன்ஃப்ளேட்டரைப் பற்றவைக்கும் சிறு கம்பியின் மின்தடை, சுமார் இரண்டு ஓம், சரியாக இருக்கிறதா, கனெக்டர் கழன்றிருக்கிறதா என்று பார்க்கும். உள்ளே இருக்கும் ரசாயனம் கெட்டுப்போனால் அதற்குத் தெரிய வழியே இல்லை.

தகாட்டா இன்ஃப்ளேட்டரில் இருப்பது அம்மோனியம் நைட்ரேட் வில்லைகள். இது வெப்பத்தில் படிக அமைப்பு மாறும் பொருள். சுமார் 32 டிகிரி செல்சியஸில் ஒரு மாற்றம் நடக்கும். வெயிலில் நிற்கும் வண்டியில் பகலில் அந்தக் கோட்டைத் தாண்டி, இரவில் திரும்பும். ஆண்டுக்கணக்கில் இப்படிப் போய் வர, கூடவே ஈரப்பதமும் ஏற, வில்லைகள் உதிரிப்பட்டுத் துளைவிடும். பரப்பு கூடுவதால் விபத்தின்போது நிதானமாக எரிய வேண்டியது சட்டென்று எரிந்துவிடும். அந்த அழுத்தத்தை இரும்புக் கூடு தாங்காமல் சிதறும். ஏர்பேக் விரியும்போது அதைக் கிழித்துக்கொண்டு சில்லுகள் பாயும். ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காத இன்ஃப்ளேட்டர்கள்தான் முதலில் சிக்கின. சிறிய மோதலில்கூட இது நடந்திருக்கிறது.

ஃபுளோரிடா, டெக்சாஸ், ஜார்ஜியா, லூசியானா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த மாநிலங்களை 'ஏ' மண்டலம் என்று பிரித்து, பார்ட்ஸை முதலில் அங்கே அனுப்பினார்கள். உங்கள் மாநிலம் அதில் இருப்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

லைட் எரிந்தால் அது வேறு கதை. ஹார்னும் க்ரூஸ் பட்டனும் சேர்ந்து வேலை செய்யவில்லையென்றால் ஸ்டீயரிங் உள்ளிருக்கும் சுருள் கேபிள் அறுந்திருக்கலாம். சீட்டை நகர்த்தும்போது லைட் வந்து போனால், சீட்டுக்கடியில் மஞ்சள் நிற கனெக்டர் தளர்ந்திருக்கலாம். லைட் எரியும்போது ஏர்பேக் விரியாமலே போகலாம். இது ரீகாலில் வராது, உங்கள் செலவு.

கேள்வி: என் வண்டிக்கு 2015-லேயே இன்ஃப்ளேட்டர் மாற்றினார்கள். இப்போது மறுபடியும் கடிதம். ஏமாற்று வேலையா? (ஓஹையோ வாசகர்)

பதில்: இல்லை. அந்தக் காலத்தில் பார்ட்ஸ் பற்றாக்குறையால் பல வண்டிகளில் அதே வகைப் புது இன்ஃப்ளேட்டரை மாட்டினார்கள். பொருள் புதிதாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. வயதானால் அதுவும் கெடும். அதனால் நிரந்தரப் பழுதுபார்ப்பு தனியாக வருகிறது. டிரைவர் பக்கத்துக்கும் பயணி பக்கத்துக்கும் ரீகால் எண்ணே வேறாக இருக்கலாம் என்பதும் ஒரு காரணம். பழைய ரசீதைக் காட்டி, இது எந்தப் பக்கம், இறுதி மாற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிக்காரர்கள் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பதுண்டு. 2007 முதல் 2014 வரையான சில்வராடோ உள்ளிட்ட வண்டிகளுக்கு ரீகால் தேவையில்லை என்று அந்தக் கம்பெனி 2016 முதல் மனு போட்டு வந்தது. 2020 நவம்பரில் என்.எச்.டி.எஸ்.ஏ. மறுத்த பிறகே, சுமார் 59 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள்.

கேள்வி: மலிவாக ஒரு பழைய பிக்கப் வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்? (நியூ ஜெர்சி வாசகர்)

பதில்: பயன்படுத்திய வண்டியை ரீகால் பாக்கியோடு விற்கக் கூடாது என்று மத்திய சட்டம் எதுவும் டீலரைக் கட்டுப்படுத்தவில்லை. அதனால் பணம் கொடுப்பதற்கு முன் வின் நம்பரை நீங்களே சரிபாருங்கள். அது மட்டும் போதாது. இணையதளம் சொல்வது தொழிற்சாலையில் மாட்டிய ஏர்பேக்கைப் பற்றி. நடுவில் யாராவது விபத்துக்குப் பிறகு உடைத்த வண்டியிலிருந்து எடுத்த ஏர்பேக்கை மாட்டியிருந்தால் அந்தத் தேடலில் தெரியாது. சால்வேஜ் டைட்டில் (பெரும் சேதமடைந்த வண்டி என்று பத்திரத்தில் குறித்தது) என்றால் இது நடந்திருக்க வாய்ப்பு அதிகம். 2024-ல் தரமற்ற இறக்குமதி இன்ஃப்ளேட்டர்கள் பற்றி என்.எச்.டி.எஸ்.ஏ. தனியாகவே எச்சரித்தது, அவற்றால் உயிர்கள் போயிருக்கின்றன.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஏர்பேக் லைட் சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பழுதை மறைக்க பல்பைக் கழற்றியிருக்கலாம். அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

வாங்கியதும் உங்கள் விலாசத்தில் ரெஜிஸ்ட்ரேஷனை மாற்றுங்கள். ரீகால் கடிதம் பதிவில் இருக்கும் விலாசத்துக்குத்தான் போகும். இரண்டாவது, மூன்றாவது உரிமையாளர்களுக்குக் கடிதமே வராமல் போவது இதனால்தான்.

கேள்வி: பார்ட்ஸ் வரும்வரை ஏர்பேக் ஃபியூஸைக் கழற்றி வைக்கலாமா? (ஜார்ஜியா வாசகர்)

பதில்: வேண்டாம். ஃபியூஸ் போனால் நல்ல நிலையில் இருக்கும் மற்ற ஏர்பேக்குகளும், சில வண்டிகளில் சீட் பெல்ட் டென்ஷனரும் (மோதலின்போது பெல்ட்டை இறுக்கும் பொறி) சேர்ந்து செயலிழக்கும். பின்சீட் இல்லாத சில பிக்கப்களில் பயணி ஏர்பேக்கை அணைக்கச் சாவி போட்டுத் திருப்பும் சுவிட்ச் கம்பெனியே வைத்திருக்கும். அது உங்கள் டாஷில் இருந்து, ரீகால் பயணி பக்கம் என்றால், ஆஃப் செய்து, எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று உறுதிசெய்யுங்கள். அப்போதும் அந்த சீட் காலியாகவே இருக்கட்டும்.