மனு எந்த மேசையில் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

உச்சிப்புளிப் பக்கம் எங்கள் ஊர். தம்பி தரைப்படையில் நாயக், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. பதவி உயர்வில் தன்னை விட்டுவிட்டார்கள் என்று முறைப்படி மனுக் கொடுத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. கேட்டால் "மேலே போயிருக்கு" என்பதோடு சரி. ரிட்டயர்டு மாமா ஒருவர், "பட்டாளத்துல கேள்வி கேட்டா பேரு கெட்டுரும், சும்மா இருக்கச் சொல்லு" என்கிறார். படை விஷயத்தைத் துருவிக் கேட்பது தப்புதானா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

மாமாவைக் குறை சொல்லமாட்டேன், பட்டவர் பேசுகிறார். மண்டபத்து டீக்கடையில் முன்னாள் ஹவில்தார் ஒருவர், சிப்பாய்களைக் கூட்டிவைத்து அதிகாரி குறை கேட்கும் சைனிக் சம்மேளனை எனக்கு நடித்தே காட்டினார். கமாண்டிங் ஆபீசர் "யாருக்காவது பாயின்ட் இருக்கா?" என்பாராம். முன்வரிசையில் சுபேதார் மேஜர் மீசையைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்ப்பாராம். ஒருவன் எழுந்து, மெஸ்ஸில் பருப்பு தண்ணியாக இருக்கிறது என்றான். மறுநாளிலிருந்து அவனுக்கே மெஸ் டியூட்டி. கடையே சிரித்தது. எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை.

எந்த விமானம் எங்கே போகிறது என்று உங்கள் ஊர்ப்பக்கக் கடற்படை விமானத் தளமான ஐஎன்எஸ் பருந்து வாசலில் நின்று நீங்கள் கேட்கவில்லையே! ஒரு நாயக்கின் மனு யார் மேசையில் கிடக்கிறது என்பதில் என்ன ராணுவ ரகசியம்? படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது, உண்மைதான். ஆனால் 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டமே, 26ஆவது பிரிவில், குறையுள்ள சிப்பாய் கம்பெனி கமாண்டரிடம் முறையிடலாம் என்கிறது. முறையீடே அவர்மேல் என்றால் அவருக்கு மேலுள்ளவரிடம் போகலாம். முடிந்தவரை முழுமையாக விசாரிக்கவும் சொல்கிறது. எத்தனை நாளுக்குள் என்றுமட்டும் அந்தப் பிரிவில் இல்லை.

அங்கேதான் கோளாறு. ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனுக் கொடுக்கும் பாம்பன் மீனவப் பெண்ணுக்குக்கூட ரசீது கிடைக்கிறது. அதை பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வந்து நிற்கிறாள். வேலை நடக்கிறதோ இல்லையோ, கேட்பதற்கு அவள் கையில் ஒரு துண்டுக் காகிதம் உண்டு. உங்கள் தம்பிக்கு அதுவும் இல்லை. படையில் எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதையே ரேங்க்தான் தீர்மானிக்கிறது. ஹவில்தார் ஆகாதவன் முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடுவான். அதற்குப் பிறகு "உன் மனு நியாயமானது" என்று கடிதம் வந்தால் கண்ணாடி பிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அரசு ஊழியரின் ஆண்டு மதிப்பீட்டுக் குறிப்பு ஒவ்வொன்றையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ராணுவ அதிகாரிகளுக்கு அது பொருந்தாது என்று அதே தீர்ப்பு விலக்கும் வைத்தது. ஜெர்மனியில் சிப்பாய் மேலதிகாரி வழியாகப் போகாமலே நாடாளுமன்றத்தின் படைவீரர் ஆணையருக்கு எழுதலாம். அவர் ஆண்டுதோறும் அறிக்கை வைக்கிறார், பத்திரிகைகள் அதை அலசுகின்றன. அதனால் அந்த நாட்டுப் படை குலைந்துவிடவில்லை. இங்கே 2017இல் ராணுவத் தலைமைத் தளபதி புகார்ப் பெட்டி வைப்பதாக அறிவித்தார். பெட்டி வைப்பது சுலபம். அதில் விழுந்த தாள்கள் என்னவாயின என்று வருஷத்துக்கு ஒருமுறை சொல்வதல்லவா கஷ்டம்?

தம்பிக்கு வழி இருக்கிறது. ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம், 2007, 21ஆவது பிரிவு: மனுக் கொடுத்து ஆறு மாதத்தில் இறுதி உத்தரவு வராவிட்டால், படைக்குள்ளேயே முறையிடும் வழிகள் முடிந்ததாகக் கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையில் கிளை இருக்கிறது. லீவு, டிரான்ஸ்ஃபர் வழக்குகளை அங்கே எடுக்கமாட்டார்கள், பதவி உயர்வு வழக்கை எடுப்பார்கள். காலவரம்பு உண்டு, ஆகவே வக்கீலை இப்போதே பாருங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். எல்லைப் பாதுகாப்புப் படை அந்தச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது, ராணுவம் அதில் இல்லை. மனு எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போனது என்று அதைமட்டும் கேட்கட்டும், 30 நாளில் பதில் தரவேண்டும். மாமாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.