45 பிள்ளைகள் இருக்கும் வகுப்பை அடிக்காமல், கத்தாமல் எப்படி நடத்துவது?

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 45 பிள்ளைகள், கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறது, பக்கத்து வகுப்பு ஆசிரியர் "நாலு போட்டால் அடங்கிவிடுவார்கள்" என்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். நானும் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை கணக்குதான் எடுக்கிறேன்.

அந்த "நாலு போடுவதை" முதலில் ஒதுக்கிவிடுவோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடை செய்கிறது. எல்லார் முன்னாலும் "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பதும் அதற்குள் வரும். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அடிக்குப் பயப்படுகிற பிள்ளை சந்தேகம் கேட்காது. சந்தேகமே கேட்காத பிள்ளைக்குப் பின்னத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?

ஒரு வாரம் பாடம் நடத்திக்கொண்டே ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சத்தம் எந்த நிமிடத்தில் கிளம்புகிறது? பெரும்பாலும் பாடம் நின்றுபோகிற இடங்களில்தான். நீங்கள் வருகைப் பதிவேட்டில் குனிந்திருக்கும்போது, கரும்பலகையை அழிக்கும்போது, ஒருவனின் நோட்டைத் திருத்த மற்றவர்கள் காத்திருக்கும்போது, சீக்கிரம் முடித்தவனுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாதபோது. வேலையில்லாத 45 பேரை வாய்மூடி உட்காரச் சொன்னால் யாரால் முடியும்? பெரியவர்களாலேயே முடியாது, ஆசிரியர் கூட்டங்களில் பார்த்திருப்பீர்கள்.

ஜேக்கப் கவுனின் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970-ல் ஒரு புத்தகம் எழுதினார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில், நன்றாக நடக்கும் வகுப்புக்கும் நடக்காத வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் அவருக்குத் தெரியவில்லை. வித்தியாசம் இருந்தது அதற்கு முந்தைய நேரத்தில்: ஆசிரியரின் கண் வகுப்பு முழுதும் ஓடிக்கொண்டிருக்கிறதா, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குத் தடங்கல் இல்லாமல் போகிறாரா என்பதில். என் அனுபவமும் அதுவேதான். அதனால் கண்டிப்பதற்கான வழிகளைத் தேடுவதைவிட, அந்தக் காலி நிமிடங்களை அடைப்பதில் உங்கள் மூளையைச் செலவிடுங்கள்.

நோட்டு கொடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் மேசையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு 45 நோட்டு கொடுத்தால் ஆறேழு நிமிடம் போய்விடும், அதற்குள் பின்வரிசையில் சண்டையே முடிந்திருக்கும். என் வகுப்பில் நோட்டுகள் வரிசை வாரியாகத்தான் அடுக்கப்படும். வாங்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் வரும், அவரவர் நோட்டை மேலே வைத்து முன்னால் கொடுப்பார்கள். திருப்பித் தரும்போது முன்பெஞ்சில் கொடுத்தால் மேலே உள்ளதை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்த்துவார்கள். ஜூன் மாதத்தில் ஒரு பீரியட் முழுக்க இதை மட்டுமே பழக்கினேன். பாடம் போகிறதே என்று நினைக்காதீர்கள், வருஷம் முழுக்க அந்த நேரம் திரும்பக் கிடைக்கும்.

அதேபோல நீங்கள் உள்ளே நுழையும்போது பலகையில் ஏற்கெனவே மூன்று கணக்கு இருக்கட்டும். முந்தின பீரியட் முடிகிற நேரத்தில் லீடரிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். முதல் கணக்கு எல்லாருக்கும் வரக்கூடியது, மூன்றாவது நன்றாகப் படிப்பவனையும் கொஞ்சம் யோசிக்க வைப்பது. அவர்கள் போட்டுக்கொண்டிருக்கும்போதே வருகையைக் குறித்துவிடலாம். சாப்பாட்டு இடைவேளைக்கு அடுத்த பீரியடுக்கு இது ரொம்ப முக்கியம். சத்துணவு சாப்பிட்டுவிட்டு வெயிலில் ஓடி வேர்த்து வந்து உட்காருகிறவர்களிடம் எடுத்த எடுப்பில் சூத்திரம் சொன்னால் ஏறாது.

அப்புறம் லீடர் என்றதும் நினைவுக்கு வருகிறது. பேசியவர்கள் பெயரைப் பலகையில் எழுதச் சொல்லும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிடிக்காதவன் பெயர் ஏறும், மிட்டாய் கொடுத்தவன் பெயர் அழியும். ஒரு பிள்ளையைக் காவல்காரனாக்கி மற்ற 44 பேருக்கும் விரோதியாக்குவது அந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை.

கேள்வி கேட்கும் முறையையும் மாற்றிப் பாருங்கள். "முருகா, ஐந்தில் இரண்டு பங்கு என்றால் என்ன?" என்று பெயரை முதலில் சொன்னால் முருகனைத் தவிர எல்லாருக்கும் விடுமுறை. கேள்வியைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, பிறகு பெயரைச் சொல்லுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் இந்தக் காத்திருப்பை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள், மூன்று நொடியாவது பொறுத்தால் பதில்கள் நீளமாகவும் யோசித்தும் வருகின்றன என்று கண்டார். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே ராகம் போடும், ஒன்றும் தெரியவராது. ஒரு கணக்கைப் போட்டுத் தாளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் இரண்டு மூன்று பேர் மிஞ்சுவார்கள். அவர்களிடம்தான் நீங்கள் நிறைய நேரம் செலவிட வேண்டும். எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். வகுத்தல் ஆரம்பித்தால் போதும், ஸ்கேலால் பெஞ்சைத் தட்டுவான், முன்னால் இருக்கும் பெண்ணின் ரிப்பனை இழுப்பான், தண்ணீர் குடிக்கப் போகணும் என்பான். வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது மட்டும் சமர்த்து. பக்கத்தில் உட்கார்ந்து 306-ஐ எழுதச் சொன்னேன். 3006 என்று எழுதினான். இடமதிப்பே தெரியாதவனுக்கு மூன்று இலக்க வகுத்தல் என்னவாக இருந்திருக்கும்! "தெரியாதவன்" என்று பெயர் வாங்குவதைவிட "அடங்காதவன்" என்று பெயர் வாங்குவது அவனுக்கு மேலாகத் தெரிந்திருக்கிறது. தீக்குச்சிக் கட்டுகளை வைத்து நூறு, பத்து, ஒன்று என்று தனியாக ஆரம்பித்தோம், மற்றவர்கள் பயிற்சிக் கணக்கு போடும் நேரத்தில். தட்டுவது மெல்ல மெல்லக் குறைந்தது.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. எழுத்தும் எண்ணும் படிய வேண்டிய வயதை வீட்டில் கழித்தவர்கள் எத்தனையோ பேர். உங்கள் வகுப்பில் தொல்லை தருகிறவன் எந்தக் கணக்கு வரை ஒழுங்காக வருகிறான் என்று முதலில் பாருங்கள், கோபம் அதற்கு அப்புறம்.

நடுநிலை வகுப்புகளில் 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பதுதான் சட்டத்தில் உள்ள அளவு. 45 என்பது உங்கள் குறை இல்லை, அதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து வையுங்கள். அவர் வராந்தாவில் போகும்போது உங்கள் வகுப்பில் சத்தம் கேட்டால், உள்ளே கூப்பிட்டு நாலு நோட்டைக் காட்டுங்கள். கணக்கைப் பற்றிப் பேசுகிற சத்தமாக இருந்தால் அதை நிறுத்தச் சொல்ல அவருக்கும் மனம் வராது.