கட்டை தயார், மீதி எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரெமிங்டன் 700 ஷார்ட் ஆக்‌ஷனுக்காக (குட்டைத் தோட்டாவுக்கான இயங்குபகுதி) வெட்டிய வால்நட் ஸ்டாக் (துப்பாக்கியின் மரக் கட்டை) ஒன்று உபரியாகக் கிடக்கிறது. அதை வைத்தே ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் உருவாக்க ஆசை. மவுசர் 98 ஆக்‌ஷன் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. இந்த ஸ்டாக்கில் உட்காருமா?

பதில்: உட்காராது. உட்கார வைக்க முயலவும் வேண்டாம். 700-இன் ரிசீவர் (போல்ட் ஓடும் உலோகக் கூடு) அடிப்பக்கம் குழாய்போல உருண்டை, மவுசருக்குத் தட்டை. பின்னுதைப்பைத் தாங்கும் லக், 700-இல் பேரலுக்கும் ரிசீவருக்கும் நடுவே செருகிய தனித் தகடு. மவுசரில் அது ரிசீவரோடு ஒன்றாகவே இருப்பது. முன் ஸ்க்ரூ அந்த லக்கிலேயே ஏறும். 700-இல் முன் ஸ்க்ரூ லக்குக்குப் பின்னால் தள்ளி இருக்கும். ஆக, துளையே இடம் மாறுகிறது. ஸ்க்ரூக்கள் எல்லாமே கால் அங்குலத் தடிமன் என்பதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுவார்கள். அங்குலத்துக்கு 700-இல் 28 மரை, மவுசரில் 22, வின்செஸ்டர் 70-இல் 32. மாற்றி முறுக்கினால் ரிசீவரின் மரை போய்விடும்.

மரத்தைச் செதுக்கி எடுக்கலாம், ஒட்டிச் சேர்க்க முடியாது. அதனால் ஸ்டாக்குக்கு ஏற்ற ஆக்‌ஷனைத் தேடுவதே வழி. 1962-இல் வந்த 700-இன் அளவையே பின்பற்றி இன்று பல நிறுவனங்கள் ஆக்‌ஷன் செய்கின்றன, தேர்வுக்குக் குறைவில்லை. ஆனாலும் 'அதே அளவு' என்ற பேச்சை முழுதாக நம்பிவிடாதீர்கள். தொழிற்சாலை லக்கின் கனம் சுமார் 4.8 மி.மீ.; தனியாக விற்கும் கனமான லக் 6.35 மி.மீ.க்கு மேலும் போகும். அது ஸ்டாக்கின் பழைய பள்ளத்தில் இறங்காது. போல்ட் விடுவிப்பான் 700-இல் ட்ரிக்கருக்கு முன்னால் ஒளிந்திருக்கும். சில நகல்களில் அது ரிசீவரின் இடப்பக்கம் இருப்பதால் மரத்தில் புதிதாக ஒரு வெட்டு தேவைப்படும்.

ஸ்டாக் உண்மையிலேயே ஷார்ட் ஆக்‌ஷனுக்கானதுதானா என்று மேகசின் திறப்பை அளந்து பாருங்கள். குட்டை வகையான .308 வின்செஸ்டர் தோட்டாவின் அதிகபட்ச நீளம் 71 மி.மீ.; நீள வகையான .30-06-க்கு 85 மி.மீ. திறப்பு எதற்கு நெருக்கம் என்று பார்த்தாலே விடை கிடைத்துவிடும். டாங்குக்கு (ரிசீவரின் பின்வால்) பின்னால், பிடி தொடங்கும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால், பின்னுதைப்பு நேராக டாங்கில் விழுந்திருக்கிறது என்று பொருள். லக்குக்குப் பின்னால் மரம் நசுங்கிப்போன ஸ்டாக்குகளில்தான் இது வரும்.

பேரல் விஷயத்தில், மெல்லிய பேரலுக்கான கால்வாயைக் கனமான பேரலுக்கு அகலப்படுத்தலாம். தலைகீழாகச் செய்தால் இடைவெளி கோரமாகத் தெரியும். குறிக்கு ஒரு கெடுதலும் இல்லை. பேரலை ரிசீவரில் ஏற்றி, ஹெட்ஸ்பேஸை (பூட்டிய போல்ட்டின் முகத்திலிருந்து தோட்டா பேரலில் தங்கும் இடம் வரையுள்ள தூரம்) 'கோ' (போல்ட் மூட வேண்டும்), 'நோ-கோ' (மூடக் கூடாது) கேஜ்களால் சரிபார்க்கும் வேலை மட்டும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியருடையது. அங்கே தவறினால் தோட்டாவின் கூடு முகத்துக்கு அருகே கிழியும். ஆக்‌ஷன் வாங்குவதற்கு முன்பே உங்கள் உரிமம் எதையெல்லாம் அனுமதிக்கிறது என்று படித்துவிடுங்கள்.

கேள்வி: ஆக்‌ஷன் ஸ்டாக்கில் இறங்கிவிட்டது. பெட்டிங் (ரிசீவர் அசையாமல் உட்கார எபாக்ஸிப் பசையால் படுக்கை வார்ப்பது) அவசியமா? எப்படிச் செய்வது?

பதில்: முதலில் ஒரு சோதனை. துப்பாக்கி காலி என்று போல்ட்டைக் கழற்றிப் பார்த்து உறுதி செய்யுங்கள். டயல் இண்டிகேட்டரை (நுண்ணசைவை அளக்கும் கருவி) ஸ்டாக்கின் முன்முனையில் பிடித்து, அதன் ஊசி பேரலைத் தொடும்படி வையுங்கள். முன் ஸ்க்ரூவை மெல்லத் தளர்த்துங்கள். ஊசி 0.05 மி.மீ.க்குள் நின்றால் விட்டுவிடலாம். 0.1-ஐத் தாண்டினால், ஸ்க்ரூ முறுக்கும்போதெல்லாம் ரிசீவர் வளைகிறது. பெட்டிங் தேவை.

மரம் ஈரத்துக்கு உப்பும், காய்ந்தால் சுருங்கும், ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நசுங்கும். அதற்காகத்தான் இரண்டு ஸ்க்ரூத் துளைகளிலும் அலுமினியத் தூண்கள். வெளிவிட்டம் 14 மி.மீ. போதும். உள்துளை 7 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஸ்க்ரூவின் தண்டு தூணை உரசினால், லக் தாங்க வேண்டிய உதையை ஸ்க்ரூ தாங்கும்.

லக்கைச் சுற்றியும் டாங்கின் கீழும் 2 மி.மீ. அளவுக்கு மரத்தைச் செதுக்கி எடுங்கள். வழவழப்பாக்க வேண்டாம், சொரசொரப்பு இருந்தால்தான் எபாக்ஸி பிடிக்கும். லக்கின் முன்முகம், பக்கங்கள், அடி ஆகியவற்றில் ஒரு சுற்று பிவிசி டேப் ஒட்டுங்கள். பின்முகத்தில் ஒட்டவே கூடாது, உதை தாங்குவது அதுதான். இதை மாற்றி ஒட்டிவிட்டு, 'பெட்டிங் செய்தும் குறி அலைகிறதே' என்று எழுதுவோர் ஏராளம். ட்ரிக்கரைக் கழற்றிவிட்டு, ஊசி (pin) துளைகள், மரைத் துளைகள் என எபாக்ஸி நுழையக்கூடிய எல்லா ஓட்டையையும் களிமண்ணால் அடையுங்கள். ஒரே ஒரு ஓட்டைக்குள் புகுந்து இறுகினாலும் ஆக்‌ஷன் வெளியே வராது. பிறகு உலோகம் முழுக்க மெழுகு இரண்டு பூச்சு, ஸ்க்ரூ மரைகள் உட்பட.

எபாக்ஸியை அவசரமாக அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழி சேரும். நிதானமாகக் கலக்கி, லக் பள்ளத்தில் முதலில் நிரப்புங்கள். தலையில்லாத இரண்டு ஸ்க்ரூக்களை வழிகாட்டியாக மாட்டி ஆக்‌ஷனை இறக்குங்கள். பேரல் முன்முனையில் நடுவில் நிற்கும்படி டேப் சுற்றியிருக்க வேண்டும். இறுக்க வேண்டாம்! இறுக்கினால் வளைவோடு சேர்த்தே வார்த்துவிடுவீர்கள். 24 மணி நேரம் கழித்து, பேரலை ரப்பர் சுத்தியலால் தட்டி எடுங்கள். அடம்பிடித்தால் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். இரும்பு சுருங்கி விடும்.

தூண் வைத்தபின் ஸ்க்ரூவுக்கு 65 அங்குல-பவுண்டு, அதாவது 7.3 நியூட்டன் மீட்டர் முறுக்கம் தாங்கும். வெறும் மரத்தில் 4-5 நியூட்டன் மீட்டரோடு நிறுத்துங்கள்.

கேள்வி: ஸ்க்ரூக்களை இறுக்கியதும் போல்ட் மூட மறுக்கிறது. தளர்த்தினால் சரியாகிவிடுகிறது. ஏன்?

பதில்: முன் ஸ்க்ரூ நீளம் அதிகம். அதன் நுனி ரிசீவருக்குள் எட்டிப் பார்த்து போல்ட்டின் பூட்டு லக்கில் (உதை தாங்கும் லக் அல்ல, இது வேறு) இடிக்கிறது. நுனியில் மை பூசிப் பார்த்தால் இடிக்கும் இடம் தெரியும், அரை மி.மீ. அரை மி.மீ.யாகத் தேயுங்கள். பின் ஸ்க்ரூ என்றால் போல்ட்டை இழுக்கும்போது உரசும்.

இதையும் பாருங்கள்: எல்லாம் இறுக்கியபின் மேகசின் பெட்டி மேலும் கீழும் சற்றே ஆட வேண்டும். ஆடாவிட்டால் ரிசீவர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் செய்த பெட்டிங்குக்கு அங்கே வேலையே இல்லை.

கேள்வி: ஸ்டாக்கின் பின்பகுதி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

பதில்: ட்ரிக்கரிலிருந்து பட் (தோளில் அழுந்தும் பின்முனை) வரை 34 செ.மீ. வழக்கம். ஆளைப் பொறுத்து இரண்டு செ.மீ. கூடலாம், குறையலாம். வெட்டும் முன் ரப்பர் பேடின் கனத்தைக் கழிக்க மறக்காதீர்கள். வெட்டும் கோட்டில் டேப் ஒட்டி அறுத்தால் ஓரம் சிலும்பாது.

கேள்வி: ஸ்டாக்கின் மேல்பூச்சுக்கு வார்னிஷா, எண்ணெயா?

பதில்: எண்ணெய். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திரும்பத் தேய்த்துவிடலாம். மெல்லிய பூச்சாக ஐந்தாறு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் காயவிடுங்கள். வெளிப்பக்கத்தைவிட உட்புறம் முக்கியம்: பேரல் கால்வாய், மேகசின் திறப்பு, பேடுக்கு அடியிலுள்ள வெட்டுமுகம். ஈரம் அங்கேதான் நுழைகிறது. காய்ந்தபின் கால்வாயில் ஒரு தாளை விட்டு ரிசீவர் வரை இழுத்துப் பாருங்கள். சிக்கினால் அந்த இடத்தை இன்னும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவையுங்கள்.