வாளும் துப்பாக்கியும் சேர்ந்த பழைய ஆயுதங்கள்: கேள்வி பதில்

கேள்வி: கையில் துப்பாக்கி இருக்கும்போது அதில் கத்தியை எதற்குச் சேர்த்தார்கள், ஐயா?

பதில்: அதில் ஒரே குண்டுதான் இருந்தது. சுட்டுவிட்டால் மறுபடி வெடிமருந்து கொட்டி, குண்டு போட்டு, கம்பியால் இடித்து, மருந்தைப் பற்றவைக்கும் சிறு கேப் வைக்க வேண்டும். எதிரி கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டால் அதற்கு நேரம் ஏது? சுட்ட கையிலேயே வாளும் இருக்கட்டும் என்று நினைத்தார்கள்.

கேள்வி: எந்தப் படையாவது உண்மையில் வாங்கியதா?

பதில்: வாங்கியது. ஜார்ஜ் எல்ஜின் 1837இல் காப்புரிமை பெற்ற வாள் துப்பாக்கியில் 150ஐ அமெரிக்கக் கடற்படை எடுத்தது. 1838இல் கடற்படை அதிகாரி வில்க்ஸ் தலைமையில் புறப்பட்ட தென்கடல் ஆய்வுப் பயணத்துக்காக ஸ்பிரிங்ஃபீல்டில் சி. பி. ஆலன் செய்து கொடுத்தார். குழாய்க்கு அடியில் சுமார் 11 அங்குல நீளத்தில், இரண்டு விரல் அகலத்துக்கும் மேல், தடித்த கத்தி. விசைக் காப்பிலிருந்து ஒரு பட்டை இறங்கிப் பிடியின் அடிவரை போகும். விரல்களுக்கு அதுதான் கவசம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. ஆனால் வளைந்த துப்பாக்கிப் பிடியை வைத்துக்கொண்டு வாள் வீசுவது கஷ்டம். முன்பாரத்தால் குறியும் தாழும். அடியில் கத்தி இருப்பதால் இடிகம்பி செருகவும் இடமில்லை. தனித்தனியாக ஒரு வாளும் ஒரு பிஸ்டலும் வைத்திருப்பதே மேல் என்பது என் முடிவு.

கேள்வி: அப்பாச்சி ரிவால்வர் எவ்வளவு தூரம் சுடும், சார்?

பதில்: அதற்குக் குழாயே கிடையாது! பெல்ஜியத்தில் டோல்ன் என்பவர் செய்தது. குண்டுகள் இருக்கும் சுழல் உருளையிலிருந்து குண்டு நேராக வெளியே போகும். அதனால் ஆளோடு ஆள் ஒட்டி நின்றால்தான் பயன். பிடியே மடங்கும் குத்துவளையம், அதாவது விரல்களில் மாட்டிக் குத்தும் வளையம்; பக்கத்தில் மடங்கும் சிறு கத்தி. விசைக்குக் காப்பும் இல்லை; பையில் வைத்திருப்பவருக்கே ஆபத்து.

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கட்டாரி கிடைத்தது. இரண்டு பக்கமும் சிறு குழாய்கள். தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அப்படிப்பட்ட கட்டாரிகள் இந்தியாவில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் செய்யப்பட்டவை. தேய்த்தால் பொன்வேலையும் பழைய நிறமும் போய்விடும், திரும்ப வராது. அதைவிட முக்கியம்: உள்ளே வெடிமருந்து இன்னும் இருக்கலாம். குழாய் யார் பக்கமும் திரும்பாமல் வையுங்கள், விசையைத் தொடாதீர்கள். அப்புறம் சட்டம். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. உங்களுடையது அதில் சேருமா என்பதை நீங்களே முடிவு செய்யாமல், முதலில் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.