ஜீன் டெஸ்ட் நார்மல், அப்புறம் எப்படிப் பரவியது?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. மூன்று வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தது. இப்போது முதுகுவலிக்கு ஸ்கேன் எடுத்ததில் எலும்புக்குப் பரவியிருக்கிறது என்கிறார்கள். லெட்ரோசோல் மாத்திரையும் எலும்புக்கு ஊசியும் ஆரம்பித்திருக்கிறார்கள். பி.ஆர்.சி.ஏ. ஜீன் டெஸ்ட் நார்மல் என்றுதான் முன்பு வந்தது. ஜீனில் கோளாறு இல்லையென்றால் எப்படிப் பரவும்? அன்றைக்குப் பயாப்சி ஊசி குத்தியதால்தான் பரவியது என்று பெரியப்பா சொல்லிச் சொல்லி, அம்மாவும் அதையே நம்புகிறார்.
(வாசகி, பெரம்பூர்)

பதில்: முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், இன்றைக்கே. ஊசி குத்தியதால் நோய் எலும்புக்குப் போகவில்லை. அந்தச் சதைத் துணுக்கு கிடைத்ததால்தான் எந்த மருந்து கேட்கும் என்று டாக்டர்களால் முடிவு செய்ய முடிந்தது.

சரி, ஜீனுக்கு வருவோம். பி.ஆர்.சி.ஏ. டெஸ்ட் பார்ப்பது ஜீனில் பரம்பரையாக வந்த எழுத்துப் பிழை, அதாவது மியூட்டேஷன், இருக்கிறதா என்பதை மட்டும்தான். கட்டிக்குள் பிறகு என்ன நடந்தது என்பது அதில் தெரியாது. பரவுவதற்கென்றே தனியாக ஒரு மியூட்டேஷன் இருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப வருடம் தேடினார்கள். முதல் கட்டியையும் பரவிய கட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முக்கியமான மியூட்டேஷன்கள் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. பெரிய வித்தியாசம், எந்த ஜீன் வேலை செய்கிறது, எந்த ஜீன் மூடிக் கிடக்கிறது என்பதில் இருந்தது.

நம் உடம்பில் சுமார் 20,000 ஜீன்கள். கண்ணிலும் கல்லீரலிலும் அதே ஜீன்கள்தான். மார்கழிக் கச்சேரியில் புல்லாங்குழல் வாசிப்பவரின் விரலைப் பார்த்திருப்பீர்களே, குழல் மாறுவதில்லை, எந்தத் துளை மூடுகிறது, எது திறக்கிறது என்பதில் ராகம் மாறுகிறது. செல்லுக்குள்ளும் அப்படி மூடித் திறக்கும் விரல்கள் உண்டு. மெத்தில் என்ற குட்டி வேதிப்பொருள் டி.என்.ஏ. மேல் ஒட்டிக்கொண்டு ஒரு ஜீனை மூடிவிடும். சில புரதங்கள் நேராக டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து இன்னொரு ஜீனைத் திறக்கும், அல்லது அடக்கும்.

இதில் ஈ-கேதரின் என்ற ஒன்றை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவில் குழந்தையின் கையை எப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்போம், அந்த மாதிரி பக்கத்துப் பக்கத்து செல்களைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் அது. ஸ்நெயில், ட்விஸ்ட் என்று பெயர் வைத்த புரதங்கள் ஈ-கேதரின் ஜீனை அடக்கிவிடும். பிடி விட்டுப்போகும், செல் நகரத் தொடங்கும். இந்த இரண்டையும் முதலில் பழ ஈயின் கருவில்தான் கண்டுபிடித்தார்கள், ஏனென்றால் கரு வளரும்போது செல்கள் இடம் மாறித்தான் ஆக வேண்டும். அம்மா வயிற்றில் நாம் இருந்தபோது, தலைப்பக்கமிருந்து கிளம்பிப் போன செல்கள்தான் நம் முகத்து எலும்பாக மாறின. பிறந்த பிறகு பெரிதாகத் தேவைப்படாத அந்தப் பழைய வேலையைப் புற்றுநோய் செல் மறுபடி எழுப்பிவிடுகிறது. 2004-ல் எலிகளின் மார்பகப் புற்றுநோயில் ட்விஸ்டைக் குறைத்துப் பார்த்தபோது நுரையீரலுக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்தது.

நான் மருத்துவம் படிக்கும்போது பேதாலஜி லேபில் லோபுலர் என்ற வகை மார்பகப் புற்றுநோய்க் கட்டியின் ஸ்லைடு ஒன்று பார்த்தேன். இளஞ்சிவப்புத் திசுவுக்கு நடுவில் ஊதா நிற செல்கள், ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, யாரும் யாரையும் தொடாமல். இன்றும் அது என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஈ-கேதரின் இருந்தால் செல்லின் ஓரத்தில் பழுப்புக் கோடு வரும்படி சாயம் போட்டுப் பார்ப்பார்கள், இந்த வகையில் பெரும்பாலும் அந்தக் கோடு இருக்காது. சிலருக்கு ஜீனே உடைந்திருக்கும், சிலருக்கு ஜீன் முழுசாக இருந்தும் மூடிக் கிடக்கும்.

மூடியது திறக்கவும் செய்யும். புது இடத்தில் போய் இறங்கிய செல் பல சமயம் ஈ-கேதரினை மறுபடி போட்டுக்கொண்டு அங்கே குடித்தனம் பண்ணுகிறது. ஆனால் எல்லா இடமும் அதற்கு ஒத்துவராது. 1889-லேயே ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய சர்ஜன், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். எலும்பு அப்படி ஒரு மண். எலும்பு கரையும்போது அதற்குள் சேமிப்பாக இருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வரும். அவை புற்றுநோய் செல்லில் சில ஜீன்களைத் திறந்துவிடும், அந்த ஜீன்கள் எலும்பை இன்னும் கரைக்கும். இந்தச் சுற்றை உடைக்கத்தான் அம்மாவுக்கு எலும்பு ஊசி.

லெட்ரோசோலும் இதே கதைதான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் என்பதே டி.என்.ஏ. மேல் உட்கார்ந்து ஜீன்களைத் திறக்கும் ஒரு புரதம். அதற்கு ஈஸ்ட்ரோஜன் கிடைக்காமல் செய்கிறது அந்த மாத்திரை. மூட்டு வலிக்கிறது என்று அம்மா மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வலியை டாக்டரிடம் சொன்னால் அதற்கு வழி இருக்கிறது.

இன்னொன்று. எலும்பிலிருந்து புதிதாகப் பயாப்சி எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லக்கூடும். ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர், செல்லை வளரத் தூண்டும் ஹெர்-2 என்ற புரதம் இரண்டும் முதல் கட்டியில் இருந்த மாதிரியே பரவிய இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது, மாறினால் மருந்தும் மாறும். பெரியப்பாவின் பேச்சுக்குப் பயந்து அந்த ஊசியை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறேன், வயது 41. மஞ்சள் புற்றுநோய் ஜீனை அணைத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து, மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமினோடு மிளகுச் சத்து சேர்த்த கேப்ஸ்யூல் வாங்கி வைத்திருக்கிறேன். சாப்பிடலாமா?
(வாசகி, வேளச்சேரி)

பதில்: வேண்டாம். லேப் தட்டில் வளர்த்த செல்களில் குர்குமின் சில ஜீன்களை அடக்குவது உண்மை, ஆனால் வயிற்றுக்குள் போனால் அது ரத்தத்தில் சேருவது மிகக் குறைவு. உங்கள் விஷயத்தில் அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. குர்குமின் கேப்ஸ்யூல், முக்கியமாக மிளகுச் சத்தோடு சேர்ந்தது, ரத்தத்தில் டமாக்சிஃபென்னின் அளவைக் குறைத்துவிடும் என்று 2019-ல் வந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. சாம்பாரில் போடும் மஞ்சளுக்கும் ரசத்து மிளகுக்கும் இது பொருந்தாது, தாராளமாகச் சாப்பிடுங்கள். கேப்ஸ்யூல் டப்பாவை அடுத்த செக்கப்புக்கு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.